சட்டத்தரணிக்குச் சுகமில்லாமல் போனால்



சென்ற மாதம் ஒலிபரப்பான எனது உரையை அச்சில் தரும்படி சிலர் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டிருந்தார்கள். நான் மெதுவாகக் கதைக்கிறவன். தந்த நேரத்துக்குள் பாதி விடயங்களைத்தான் சொல்ல முடிந்தது. விடுபட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

உரைக்குக் காரணம் ஒரு நேயரின் கேள்வி. கோத்-தெ-நெய்ஜில் இருந்து ஒரு அம்மா கேட்டார்: "தம்பி, என்ரை கேஸைப் பாக்கிற லோயருக்குக் கடும் வருத்தமாம். போன் எடுத்தால் ஒருத்தரும் தூக்கினம் இல்லை. என்ரை பைலுக்கு என்ன நடக்கும்?"

இந்தக் கேள்விக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பதில் சொல்லும் தேவை எனக்கு இல்லை. வருத்தம் வந்த சட்டத்தரணியாக நானே இருந்திருக்கிறேன். ஆகவே முதலில் என் கதையைச் சுருக்கமாகச் சொல்லி, பிறகு சட்டம் என்ன சொல்கிறது என்பதற்கு வருகிறேன்.

ஐம்பதும் பதினைந்தும்

நான் 1987 இல் கனடாவுக்கு வந்தவன். உணவகத்தில் கோப்பை கழுவி, இரவுப் பள்ளியில் பிரெஞ்சு படித்து, பிறகு சட்டம் படித்து, 1996 இல் கியூபெக் மாகாணத்தில் சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் எடுத்தேன். நோத்ர-டாம்-த-கிரேஸில், ஷெர்புரூக் மேற்கு வீதியில், ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் எனது அலுவலகம் இருந்தது. வாந்தோம் மெற்றோவில் இறங்கி 105 ஆம் இலக்க பஸ் பிடித்து எங்கள் சனம் வரும். அகதிக் கோரிக்கை, மனிதாபிமான விண்ணப்பம், விவாகரத்து, வீட்டுச் சொந்தக்காரரோடு பிணக்கு என்று எல்லாம் பார்த்தேன்.

2017 ஜனவரியில் ஒரு காலை, தேத்தண்ணிக் கோப்பை கையில் இருந்து நழுவியது. மனைவி என்ன என்று கேட்டா. பதில் எனக்குத் தெரியும், ஆனால் வாயில் வரவில்லை. மூளையின் இடப்பக்கத்தில் இரத்தம் அடைத்து வந்த பாரிசவாதம் அது. கை கால் ஓரளவு திரும்பியது. பேச்சுத்தான் முழுதாகத் திரும்பவில்லை. இதை வைத்தியர்கள் அபேசியா என்கிறார்கள். அறிவு இருக்கும், நினைவு இருக்கும். சொல்லை எடுக்கும் கை மட்டும் தடுமாறும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பல மொழி தெரிந்தவர்களுக்கு எல்லா மொழியும் ஒரே அளவில் திரும்பும் என்று இல்லை. எங்கள் ஊர் மக்கில் பல்கலைக்கழகத்தின் மிஷேல் பராடி என்ற பேராசிரியர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, இருமொழி பேசும் நோயாளிகளுக்கென்றே ஒரு சோதனை முறையை 1980களில் உருவாக்கியவர். எனக்குத் தமிழ் முதலில் வந்தது. ஆங்கிலம் பாதி வந்தது. நான் உழைத்துச் சாப்பிட்ட பிரெஞ்சு கடைசியாக, துண்டு துண்டாக வந்தது.

ஜூன் மாதம் அலுவலகத்துக்குத் திரும்பினேன். எல்லாரும் மகிழ்ந்தார்கள். நானும் சமாளிக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஒக்டோபரில் ஒரு வயதான அம்மாவின் மனிதாபிமான விண்ணப்பம் மறுக்கப்பட்டுக் கடிதம் வந்தது. கனடாவுக்குள் எடுக்கப்பட்ட இப்படியான முடிவை எதிர்த்துச் சமஷ்டி நீதிமன்றத்துக்குப் போவதற்கு, குடிவரவு அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 72 ஆம் பிரிவு தரும் தவணை 15 நாள். அந்தக் கணக்கு எனக்கு உறக்கத்திலும் தெரியும்.

"தம்பி, எத்தினை நாள் இருக்கு?" என்று அம்மா கேட்டா.

"ஐம்பது" என்றேன். நாட்குறிப்பிலும் 50 என்றே எழுதினேன்.

நான் பிழையாகச் சொன்னது எனக்கே கேட்கவில்லை. அதுதான் இந்த வருத்தத்தின் பொல்லாத பக்கம். அடுத்த நாள் காலை எனது அலுவலக உதவியாளர் கோவையைத் திறந்தபோது கண்டுபிடித்தார். பன்னிரண்டாம் நாள் மனுவைத் தாக்கல் செய்தோம். காலநீடிப்புக் கேட்க வழி உண்டு என்றாலும், கிடைக்கும் என்று உறுதி இல்லை. அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்று பின்னேரம், என்னோடு அலுவலகத்தைப் பகிர்ந்திருந்த இளம் சட்டத்தரணி கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தார். "அண்ணை, இண்டைக்குக் கண்டுபிடிச்சிட்டம். நாளைக்கு நாங்கள் பாக்காமல் விட்டால்?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. பதில் வரவில்லை. பிறகு யோசித்தபோது, அவரைவிட நல்ல நண்பன் எனக்கு அன்று இருக்கவில்லை என்று விளங்கியது.

ஊரில் நான் கண்டது

என் தகப்பனார் யாழ்ப்பாணத்தில் ஒரு புறொக்டரிடம் கிளாக்கராக இருந்தவர். 1974 இல் இலங்கையில் அப்புக்காத்து, புறொக்டர் என்ற இரண்டு பிரிவும் ஒன்றாக்கப்பட்டு எல்லாரும் 'சட்டத்தரணி' ஆனார்கள். அதற்கு முந்திய காலம் அது. அந்தப் புறொக்டருக்குக் கடைசிக் காலத்தில் கண் மங்கிவிட்டது. அப்பா வாசித்துச் சொல்ல, விரல் வைத்துக் காட்டிய இடத்தில் அவர் கையெழுத்து வைப்பார். ஊருக்கே தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மரியாதை என்று அதைச் சொன்னார்கள். வாசித்துச் சொன்னதில் ஒரு பிழை இருந்திருந்தால் காணி இழந்தவன் ஒரு ஏழையாக இருந்திருப்பான்.

என் அலுவலகமும் அப்படி ஆகக்கூடாது என்று தீர்மானித்தேன்.

பெயர்ப்பட்டியல் என்றால் என்ன?

கியூபெக்கில் சட்டத்தரணிகளின் அமைப்பு 'பரோ'. 1849 இல் தொடங்கியது. அதன் முதல் வேலை சட்டத்தரணிகளைப் பாதுகாப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அது பிழை. 1973 இல் வந்த தொழில்முறைச் சட்டக்கோவையின்படி, வைத்தியர், பொறியியலாளர், தாதியர் உட்பட எல்லாத் தொழில்சார் அமைப்புகளுக்கும் முதல் கடமை பொதுமக்களைப் பாதுகாப்பது.

பரோவின் உறுப்பினர் பதிவேட்டைப் பிரெஞ்சில் 'தாப்லோ' என்பார்கள். நாங்கள் பெயர்ப்பட்டியல் என்று சொல்லலாம். அதில் பெயர் உள்ளவர் மட்டுமே தன்னைச் சட்டத்தரணி என்று சொல்லலாம். அவர் நீதிமன்றத்தில் உங்களுக்காகத் தோன்றலாம், கட்டணத்துக்கோ இலவசமாகவோ சட்ட ஆலோசனை தரலாம். பதிவு ஆண்டு ஏப்ரல் 1 இல் தொடங்கி மார்ச் 31 இல் முடியும். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும்.

வருத்தத்தால் வேலை செய்ய இயலாத ஒருவர் இந்தப் பட்டியலோடு என்ன செய்வது? ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு வழி வைத்திருக்கிறது.

அமெரிக்காவில் இதற்குத் தனிப்பெயரே இருக்கிறது. 'இயலாமை காரணமான செயலற்ற நிலை' என்று அதைத் தமிழில் சொல்லலாம். அமெரிக்கச் சட்டத்தரணிகள் சங்கத்தின் மாதிரி விதிகளில் 23 ஆம் விதி இதைப் பற்றியது. இலினோய் மாநிலத்தில் உச்ச நீதிமன்ற விதிகள் 757, 758 ஆகியவை இதற்கு உண்டு. இது ஒழுக்காற்று நடவடிக்கை அல்ல, தண்டனையும் அல்ல. ஆனால் ஒழுக்காற்று விசாரணை நடக்கும்போது 'எனக்குச் சுகமில்லை, என்னை நானே பாதுகாத்துக் கதைக்க முடியாது' என்று ஒருவர் சொன்னால், அவரை இந்த நிலைக்கு மாற்றி, விசாரணையை நிறுத்தி வைப்பார்கள். விசாரணை அழிந்துவிடாது. சுகமாகித் திரும்பினால் அது காத்திருக்கும்.

பக்கத்து ஒன்ராறியோவில், 2018 வரை 'மேல் கனடாச் சட்டச் சங்கம்' என்ற பழைய பெயரோடு இருந்த சட்டச் சங்கம், தொழில் செய்யாதவர்களுக்குக் குறைந்த கட்டணம் வைத்திருக்கிறது. நிரந்தரமாக இயலாமல் போனவர் கட்டணத்தில் இருந்து விலக்குக் கேட்கலாம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் 'தொழில் செய்யாத உறுப்பினர்' என்றே ஒரு வகை இருந்து வருகிறது.

இந்தியாவில் வழக்கறிஞர் தானாகத் தொழிலை நிறுத்தி வைப்பதானால், தன் பதிவுச் சான்றிதழின் மூலத்தையே பதிவுத் தபாலில் மாநில வழக்கறிஞர் மன்றத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது அகில இந்திய மன்றத்தின் விதி. திரும்பி வருவதானால் சத்தியக்கடதாசியோடு விண்ணப்பிக்க வேண்டும். நலநிதியும் உண்டு. தமிழ்நாடு 1987 இலேயே வழக்கறிஞர் நலநிதிச் சட்டம் கொண்டுவந்தது. 2001 ஆம் ஆண்டின் மத்திய சட்டம் பக்கவாதம், புற்றுநோய் போன்ற கடும் நோய் வந்த உறுப்பினருக்கு நிதியில் இருந்து உதவி கொடுக்க இடம் வைத்திருக்கிறது.

குறைபாடு வேறு, இயலாமை வேறு

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். உடலில் ஒரு குறைபாடு இருப்பதால் ஒருவர் சட்டத்தரணியாக இருக்க முடியாது என்று நான் சொல்ல வரவில்லை.

ரொறன்ரோவில் டேவிட் லெப்பொவ்ஸ்கி என்ற சட்டத்தரணி இருக்கிறார். கண்பார்வை அற்றவர். அரசதரப்புச் சட்டத்தரணியாகப் பல ஆண்டுகள் வேலை செய்தவர். சுரங்க ரயிலிலும் பஸ்சிலும் ஒவ்வொரு தரிப்பிடத்தின் பெயரையும் உரத்துச் சொல்ல வேண்டும் என்று ரொறன்ரோ போக்குவரத்துக்கு எதிராக 2005 இலும் 2007 இலும் மனித உரிமைத் தீர்ப்பாயத்தில் வென்றவர்.

பிரிட்டிஷ் கொலம்பியாவில், சட்டத்தொழிலில் சேர விண்ணப்பிப்பவர்களிடம் 'உங்களுக்கு எப்போதாவது மனநோய்க்குச் சிகிச்சை நடந்ததா' என்ற வகையில் கேட்ட கேள்வி பாகுபாடானது என்று அங்குள்ள மனித உரிமைத் தீர்ப்பாயம் 2009 இல் கூறியது. நோயின் பெயரைக் கேட்பது ஒன்று. வேலை செய்ய முடியுமா என்று பார்ப்பது இன்னொன்று.

தமிழ்நாட்டில் வி. சுரேந்திர மோகன் என்ற அரசு உதவி வழக்கறிஞர், 70 வீதம் பார்வைக் குறைபாடு உள்ளவர், சிவில் நீதிபதிப் பதவிக்கு விண்ணப்பித்தார். 50 வீதத்துக்கு மேல் குறைபாடு உள்ளவர்களை ஏற்க முடியாது என்று சொல்லப்பட்டது. 2019 இல் இந்திய உச்ச நீதிமன்றம் அந்த எல்லை சரி என்றது. ஆனால் 2025 மார்ச் 3 ஆம் திகதி, பார்வைக் குறைபாட்டைக் காரணமாகக் காட்டி நீதித்துறைப் பணியில் இருந்து ஒருவரை ஒதுக்க முடியாது என்று அதே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை எழுதிய இரு நீதிபதிகள் அமர்வில் தமிழ்நாட்டவரான நீதியரசர் ஆர். மகாதேவனும் இருந்தார்.

இவற்றைப் படித்தபோது எனக்குள் ஒரு சண்டை நடந்தது. 'அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லையே, நீ ஏன் போகிறாய்?' என்று மனம் கேட்டது. பேச்சுச் சிகிச்சை தந்த அம்மணிதான் அதைத் தீர்த்து வைத்தா. "உங்கள் வேலையில் என்னென்ன செய்கிறீர்கள் என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். எதை உதவியோடு செய்யலாம், எதை உதவி இருந்தாலும் செய்ய முடியாது என்று இரண்டாகப் பிரியுங்கள்" என்றா. வாசிக்க அதிக நேரம் எடுத்தது, அதற்கு உதவி உண்டு. நடக்கச் சிரமம், அதற்கும் வழி உண்டு. ஆனால் நான் சொன்ன சொல் நான் நினைத்த சொல்தானா என்று எனக்கே தெரியாமல் இருப்பதற்கு, அந்த நேரத்தில் ஒரு உதவியும் இருக்கவில்லை. கட்சிக்காரர் என் வாயைத்தான் நம்பி வருகிறார்.

தானாக விலகுவதும் விலக்கப்படுவதும்

கியூபெக்கில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தன் பெயரைப் பட்டியலில் இருந்து எடுக்கும்படி சட்டத்தரணியே கேட்பது. ஓய்வு பெறுபவர்களுக்கு 'ஓய்வுபெற்ற சட்டத்தரணி' என்ற தனி வகையும் இருக்கிறது.

மற்றது, தொழில்முறைச் சட்டக்கோவையின் 48 ஆம் பிரிவில் தொடங்கும் வழி. உறுப்பினர் ஒருவரின் உடல்நிலையோ மனநிலையோ தொழிலுக்குப் பொருந்தாது என்று நம்பக் காரணம் இருந்தால், அமைப்பின் இயக்குநர் சபை வைத்தியப் பரிசோதனைக்கு உத்தரவிடலாம். மூன்று வைத்தியர்கள் பார்ப்பார்கள். ஒருவரைச் சபை தெரியும், ஒருவரை அந்த உறுப்பினர் தெரிவார், மூன்றாமவரை அந்த இருவரும் சேர்ந்து தெரிவார்கள். பொருந்தாது என்று அறிக்கை வந்தாலோ, பரிசோதனைக்கு வர மறுத்தாலோ, அவர் தரப்பைச் சொல்ல இடம் கொடுத்தபின் பெயரை நீக்கலாம், தொழில் உரிமையை இடைநிறுத்தலாம், அல்லது சில வேலைகளுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தலாம். அந்த முடிவை எதிர்த்துத் தொழில்சார் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

இந்த இரண்டாவது வழி அநியாயமானது என்று நான் சொல்லமாட்டேன். தன் பிழை தனக்குத் தெரியாத ஒருவரிடம் இருந்து சனத்தைக் காக்க அது தேவை. ஆனால் அங்கே போய்ச் சேரும்போது பெரும்பாலும் யாரோ ஒரு கட்சிக்காரர் ஏற்கெனவே எதையோ இழந்திருப்பார். தானாக விலகுபவருக்குக் கோவைகளைத் தன் கையாலேயே இன்னொருவரிடம் ஒப்படைக்கும் வாய்ப்புக் கிடைக்கிறது. 'இந்த அம்மாவுக்குக் காது கேளாது, மகளுக்குத் தொலைபேசி எடு' என்று சொல்லிக் கொடுக்கலாம். உத்தரவு வந்தபின் அதற்கு நேரம் இராது.

நான் செய்த ஒழுங்கு

இதே நிலையில் உள்ள எங்கள் பிள்ளைகள், தம்பி தங்கைகள் சட்டத்தரணிகளாக இருக்கலாம். அவர்களுக்கு உதவும் என்று நான் செய்ததை வரிசையாகத் தருகிறேன்.

முதலாவது, பெயரை எடுக்கும்படி எழுதுவதற்கு முன், இயலாமைக் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து முழுதாக வாசித்தேன், வாசிப்பித்தேன். 'உங்கள் சொந்தத் தொழிலைச் செய்ய இயலாமை' என்பதும் 'எந்தத் தொழிலையும் செய்ய இயலாமை' என்பதும் ஒன்றல்ல. பல பத்திரங்களில் சில காலத்துக்குப் பின் முதலாவது இரண்டாவதாக மாறும். வேலையை விட்ட திகதி, வைத்தியர் எழுதிய திகதி, காப்புறுதிக்கு அறிவித்த திகதி மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். கியூபெக் ஓய்வூதியத் திட்டத்திலும் இயலாமை ஓய்வூதியம் உண்டு. அதற்கு ரெத்ரெத் கெபெக்கிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

இரண்டாவது, பழைய வேலைகளுக்கான தொழில் பொறுப்புக் காப்புறுதி எப்படித் தொடரும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கினேன். கியூபெக் குடியியல் சட்டத்தில் வழக்குப் போடும் பொதுவான கால எல்லை 3 ஆண்டு. நான் கதவைச் சாத்திய பின்னும் பழைய பிழைக்கு வழக்கு வரலாம்.

மூன்றாவது, கோவைகளை ஏற்பவரைத் தெரிந்தேன். எனது அதே இளம் நண்பர்தான். ஏற்பவர் இல்லாத இடத்தில் கோவைகளைக் காக்க ஒரு தற்காலிகப் பாதுகாவலர் நியமிக்கப்படுவார். ஒவ்வொரு கோவைக்கும் மூன்று விடயம் எழுதினோம்: அடுத்த தவணை எப்போது, நம்பிக்கைக் கணக்கில் எவ்வளவு பணம், மூலப் பத்திரங்கள் எவை.

நான்காவது, ஒவ்வொரு கட்சிக்காரருக்கும் கடிதம். கோவை அவருடைய நலனுக்கானது. புதியவரோடு தொடரலாம், வேறு ஒருவரைத் தேடலாம், அல்லது கோவையைக் கையில் வாங்கிக்கொண்டு போகலாம். தெரிவு அவருடையது. 'என்னுடைய ஆள், என் நண்பனிடம்தான் போகவேண்டும்' என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஐந்தாவது, நம்பிக்கைக் கணக்கில் இருந்த ஒவ்வொரு சதத்தையும் உரியவருக்கோ புதிய சட்டத்தரணியின் கணக்குக்கோ மாற்றிக் கணக்கை மூடினேன். பிறகு நீதிமன்றங்களுக்கும் குடிவரவு அகதிகள் சபைக்கும் அறிவித்தோம்.

2018 மார்ச் 31 உடன் என் பெயர் பட்டியலில் இல்லை. மருந்துக்கடைச் சுவரில் இருந்த பலகையைக் கழற்றும்போது பக்கத்துக் கடை இத்தாலியக் கிழவர் ஏணியைப் பிடித்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

அதன்பின் வந்த மாதங்கள் கடினமானவை. மனம் சோர்ந்து போனது. பரோவின் உறுப்பினர்களுக்கென்று பம்பா என்ற இரகசியம் காக்கும் உதவித் திட்டம் இருக்கிறது. வாழ்க்கைத் துணையும் பயன்படுத்தலாம். எனக்கு முன் என் மனைவிதான் அங்கே தொலைபேசி எடுத்தா. வெட்கப்பட வேண்டிய விடயம் அல்ல என்று எங்கள் ஆட்களுக்கு அழுத்திச் சொல்கிறேன்.

இப்போது என்ன செய்யலாம், செய்யக்கூடாது?

டொலார்-டெ-சோர்மோ முருகன் கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால் இப்போதும் ஒருவர் காதுக்குள் கேட்பார்: "அண்ணை, இந்தக் கடிதத்தை ஒருக்காப் பாருங்கோ." நான் பார்க்கக் கூடாது. பணம் வாங்காவிட்டாலும் கூடாது. 'உன் வழக்கில் இப்படிச் செய்' என்று சொல்வது ஆலோசனை. பட்டியலில் இல்லாத நான் அதைச் செய்தால் சட்டவிரோதத் தொழில், தண்டப்பணம் உண்டு. 'சட்டம் பொதுவாக இப்படி இருக்கிறது, இன்ன இடத்துக்குப் போ' என்று சொல்வது தகவல். இந்த வானொலியில் நான் செய்வது தகவல் சொல்லும் வேலை.

ஒரு கடமை மட்டும் முடியவில்லை. நீங்கள் என்னிடம் சொன்ன இரகசியம் என்னோடு இருக்கும். கியூபெக் உரிமைகள் சாசனத்தின் 9 ஆம் பிரிவு தொழில்சார் இரகசியத்துக்கு உங்களுக்கு உரிமை தருகிறது. நான் பதவியில் இல்லை என்பதால் அது தீர்ந்துவிடாது.

திரும்பி வர வழி உண்டா? உண்டு. மீண்டும் பெயரைச் சேர்க்க விண்ணப்பிக்கலாம். நீண்ட காலம் விலகி இருந்தவரிடம் பரோ மீள்பயிற்சி கேட்கலாம், வேலையைக் கட்டுப்படுத்தலாம். நான் இன்னும் விண்ணப்பிக்கவில்லை.

நேயர்கள் செய்ய வேண்டியது

இனி அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். உங்கள் சட்டத்தரணி தொலைபேசி எடுக்கவில்லை என்றால் இருந்து யோசிக்க வேண்டாம்.

பரோவின் இணையத்தளத்தில் சட்டத்தரணிகளின் பெயர்த்தொகுப்பு இருக்கிறது. அதில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெனி நூலகத்தில் கணினி இருக்கிறது, கேட்டால் பார்த்துத் தருவார்கள். பெயர் இல்லை என்றால் பரோவுக்குத் தொலைபேசி எடுத்து, கோவைகள் இப்போது யாரிடம் இருக்கின்றன என்று கேளுங்கள்.

உங்கள் அடுத்த தவணை எப்போது என்று நீதிமன்றத்திடமோ சபையிடமோ நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சட்டத்தரணிக்கு வருத்தம் என்பதால் தவணை தானாக நிற்காது. சட்ட உதவி மூலம் வந்தவர்கள் அந்த அலுவலகத்துக்கும் அறிவியுங்கள். கட்டிய பணத்தின் பற்றுச்சீட்டுகளைத் தேடி எடுங்கள்.

சட்டத்தரணி சுகமாக இருக்கும்போதே மூன்று காரியம் செய்யுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு பத்திரத்துக்கும் பிரதி வைத்திருங்கள். தவணைத் திகதியை எழுத்தில் வாங்குங்கள். 'உங்களுக்கு ஏலாமல் போனால் ஆரிட்டைப் போறது?' என்று முகம் பார்த்துக் கேளுங்கள். நல்ல சட்டத்தரணி இதற்குக் கோபிக்கமாட்டார்.

இதை எழுதி முடிக்க எனக்குப் பதினொரு நாள் சென்றது. இலக்கங்களை மூன்று பேர் சரிபார்த்தார்கள். அந்த ஒக்டோபர் மாதத்து அம்மா இன்றைக்கும் தைப்பொங்கலுக்குத் தொலைபேசி எடுப்பா. "எத்தினை நாள், தம்பி?" என்று பகிடியாகக் கேட்பா. "பதினைந்து" என்பேன், சொல்லிவிட்டு விரலிலும் எண்ணிப் பார்ப்பேன்.

அடுத்த மாதம், தனக்கே முடிவெடுக்க இயலாமல் போனால் யார் முடிவெடுப்பது என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கும் பாதுகாப்பு ஆணைப்பத்திரம் பற்றிக் கதைப்போம்.